ராஸ் 2-வுக்கு பைத்தான் வென்வ் போடும்போது எங்க உடையுது, எப்படி ஒழுங்கா செட் பண்றது

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் படிக்கற மத்தவங்களுக்கும் புரியும். உபுண்டு 22.04, அதுல ராஸ் 2 (ரோபோவுக்கு ப்ரோக்ராம் எழுத உதவற சாஃப்ட்வேர் தொகுப்பு) ஹம்பிள் வெர்ஷன், நாலு சக்கர ரோபோ ஒண்ணு, யூஎஸ்பி கேமரா, யோலோ (படத்துல இருக்கறதை அடையாளம் காணற ஏஐ மாடல்) வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கற நோட் (ராஸ்ல தனியா ஓடற ஒரு ப்ரோக்ராம்). வென்வ் (ஒரு ப்ராஜெக்டுக்குன்னு தனியா வெச்சுக்கற பைத்தான் பேக்கேஜ் ஃபோல்டர்) போட்டு ஆக்டிவேட் பண்ணி பிப்-ல (பைத்தான் பேக்கேஜ் இன்ஸ்டாலர்) யோலோவுக்கான அல்ட்ராலிட்டிக்ஸ் லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணீங்க, பைத்தான் ப்ராம்ப்ட்ல இம்போர்ட் ஆகுது, ஆனா ராஸ்2 ரன் கொடுத்தா "அல்ட்ராலிட்டிக்ஸ்னு மாட்யூலே இல்ல"ன்னு எரர். உடனே ஃப்ரெண்ட் சொன்னாருன்னு கான்டா (தனக்குன்னு சொந்தமா பைத்தான் வெச்சுக்கற இன்னொரு பேக்கேஜ் மேனேஜர்) போட்டு அதுல பைத்தான் 3.11 எடுத்தீங்க, இப்ப ராஸோட பைத்தான் லைப்ரரியான ஆர்சிஎல்பை-யே இம்போர்ட் ஆகமாட்டேங்குது.

ரெண்டும் வேற வேற பிரச்சனை மாதிரி தெரியும், ஆனா ரெண்டுக்கும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: உங்க நோட் ஸ்டார்ட் ஆகும்போது உண்மையிலேயே எந்த பைத்தான் ஓடுது, அந்த பைத்தான் எந்தெந்த ஃபோல்டர்ல பேக்கேஜ் தேடுது. இது தெரிஞ்சா மீதி எல்லாம் தானா வழிக்கு வரும். தெரியாம அடுத்தடுத்து பிப் இன்ஸ்டால் பண்ணிட்டே போனா சிஸ்டம் இன்னும் சிக்கலாகும், கடைசியில உபுண்டுவையே திரும்பப் போடற நிலைமைக்கு வந்த பசங்களை நிறைய பார்த்திருக்கேன். (கமாண்ட், பாத் எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதறேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.)

முதல்ல அந்த கான்டா விஷயம், ஏன்னா அது சீக்கிரம் முடியும். ஆர்சிஎல்பை முழுசா பைத்தான்ல எழுதினது இல்ல. மேல பைத்தான் இருக்கும், அடியில சி++ல எழுதி பைபைண்ட்11 வெச்சு கம்பைல் பண்ண ஒரு .எஸ்ஓ ஃபைல் இருக்கும். /ஆப்ட்/ராஸ்/ஹம்பிள் ஃபோல்டருக்குள்ள ஆர்சிஎல்பை இருக்கற இடத்துல போய் பாருங்க, அந்த ஃபைல் பேர்லயே சிபைத்தான்-310-னு போட்டிருக்கும். அதாவது இது 3.10-க்குன்னே கம்பைல் ஆனது. நீங்க 3.11-ல இம்போர்ட் பண்ணா அது சிபைத்தான்-311-னு பேர் இருக்கற ஃபைலைத் தேடும், அது உங்க மெஷின்ல கிடையவே கிடையாது, அதனாலதான் சி எக்ஸ்டென்ஷன் இல்லன்னு எரர் வருது. இதுக்கு பிப்-ல எதைப் போட்டாலும் சரியாகாது. ஒவ்வொரு ராஸ் வெர்ஷனுக்கும் ஒரு உபுண்டு, ஒரு பைத்தான்னு ஜோடி இருக்கு. ஹம்பிள்னா உபுண்டு 22.04, பைத்தான் 3.10. 2024 மே மாசம் வந்த ஜாஸினா 24.04, பைத்தான் 3.12. பழைய ஃபாக்ஸி 20.04-ல 3.8. apt (உபுண்டுவோட சொந்த இன்ஸ்டாலர்) வழியா ராஸ் போட்டிருந்தா இந்த ஜோடியை மாத்த முடியாது, அதனால உங்க வென்வ் எப்பவுமே /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3-ல இருந்துதான் பிறக்கணும்.

கான்டால இன்னொரு தொல்லையும் இருக்கு. அது தனக்குன்னு ஒரு லிப்எஸ்டிடிசி++ (சி++ ப்ரோக்ராம் ஓடத் தேவையான லைப்ரரி) வெச்சிருக்கும், அது ராஸ் கம்பைல் ஆனதை விட பழசா இருந்தா ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் வெர்ஷன் கிடைக்கலன்னு வேற ஒரு எரர் வரும். அதோட பேஷ்ஆர்சி ஃபைல்ல கான்டா தன்னோட வரிகளை எழுதிட்டுப் போயிருக்கும், ஒவ்வொரு டெர்மினல் திறக்கும்போதும் பேஸ் என்விரான்மென்ட் தானா ஆக்டிவேட் ஆகும், நீங்க கோல்கான் (ராஸ் பேக்கேஜை பில்ட் பண்ற டூல்) பில்ட் கொடுத்தா, அது உள்ள யூஸ் பண்ற சிமேக்-ங்கற பில்ட் டூல் அந்த கான்டா பைத்தானைப் புடிச்சுக்கிட்டு "கேட்கின்_பிகேஜி இல்ல"ன்னு கத்தும். கான்டாவை அழிக்க வேணாம், வேற வேலைக்கு யூஸ் ஆகும், ஆட்டோ ஆக்டிவேட் பேஸை மட்டும் ஃபால்ஸ்னு செட் பண்ணிடுங்க. கான்டாலயேதான் ராஸ் வேணும்னு இருக்கறவங்களுக்கு ரோபோஸ்டாக்னு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, ராஸையே கான்டா பேக்கேஜா பில்ட் பண்ணி தர்றாங்க, மேக் வெச்சிருக்கறவங்களுக்கும் உபுண்டு இல்லாத லினக்ஸ்காரங்களுக்கும் அது நல்ல வழி. ஆனா apt ராஸையும் கான்டா பைத்தானையும் ஒரே டெர்மினல்ல கலக்கறது மட்டும் வேணவே வேணாம்.

இப்ப வென்வ். வெப் டெவலப்மென்ட்ல வென்வ்னா தனி வீடு மாதிரி, வெளியில இருக்கற எதுவும் உள்ள வராது. ராஸ்ல அப்படி முழுசா பிரிச்சு வெச்சா வேலை நடக்காது, இங்க அது இருக்கற வீட்டு மேல எடுத்த ஒரு மாடி ரூம்தான், கீழ்த்தளம் சிஸ்டம் பைத்தான், அதுல ராஸோட டிபென்டன்சி எல்லாம் apt கொண்டுவந்து வெச்சிருக்கு. இதைப் புரிஞ்சுக்காம சாதாரண வென்வ் போட்டா என்ன ஆகும்னா, ராஸ் செட்டப்.பேஷை சோர்ஸ் பண்ணும்போது (அதாவது அந்த ஃபைலை இதே டெர்மினல்ல ஓட்டும்போது) பைத்தான்பாத்-னு ஒரு வேரியபிள் செட் ஆகும், அது வழியா ஆர்சிஎல்பை ஃபோல்டர் வென்வுக்குள்ளயும் தெரியும், ஆனா ஆர்சிஎல்பைக்கு தேவையான யாமல், மெசேஜ் டைப்புகளுக்கு தேவையான நம்பை (நம்பர் அரேக்கான லைப்ரரி) இதெல்லாம் /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ்ல இருக்கு, அது சாதாரண வென்வுக்குத் தெரியாது. அதனால "யாமல் இல்ல"ன்னு எரர், சரின்னு பையாமல் பேக்கேஜைப் போடுவீங்க, அடுத்து நம்பை, அடுத்து பில்ட்ல "கேட்கின்_பிகேஜி இல்ல", அதுக்கப்புறம் "ஈஎம் இல்ல"ன்னு வரும்.

அந்த ஈஎம்-ல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. எரர்ல ஈஎம்னு வருதேன்னு பிப் இன்ஸ்டால் ஈஎம்னு கொடுத்தா அதே பேர்ல சம்பந்தமே இல்லாத வேற ஒரு பேக்கேஜ் வந்து உக்காந்துக்கும். ராஸுக்கு வேண்டியது எம்பை-ங்கற டெம்ப்ளேட் டூல், அதுதான் மெசேஜ் வடிவத்தைச் சொல்ற உங்க .எம்எஸ்ஜி ஃபைலைப் படிச்சு கோடா மாத்தித் தருது. சரி எம்பைன்னே போடறேன்னு போட்டாலும் பிப் லேட்டஸ்ட்டா இருக்கற 4-ஐ எடுத்துட்டு வரும், ஹம்பிளுக்கு வேண்டியது 3.3.4. ரெண்டு கேஸ்லயுமே "ஈஎம் மாட்யூலுக்கு பஃபர்ட்_ஆப்ட்-னு ஆட்ரிப்யூட் இல்ல"ங்கற மாதிரி, ஏதோ ஒரு ஆட்ரிப்யூட் இல்லன்னு எரர் வரும். அந்த மாதிரி வரியை எங்க பார்த்தாலும் ரெண்டு பேக்கேஜையும் பிப்-ல அன்இன்ஸ்டால் பண்ணிட்டு apt-ல இருக்கற பைத்தான்3-எம்பை-யை மட்டும் விட்டுடுங்க, போதும்.

இவ்வளவும் ஒரே ஒரு ஆப்ஷன்ல தீரும். வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டருக்குள்ள போய், /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 -எம் வென்வ் --சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ் வென்வ். கடைசியில இருக்கற வென்வ் ஃபோல்டர் பேரு, உங்க இஷ்டம். முழு பாத் கொடுக்கச் சொல்றதுக்கு காரணம், பாத் வேரியபிள்ல (டெர்மினல் கமாண்டைத் தேடற ஃபோல்டர் லிஸ்ட்) வேற பைத்தான் எது முன்னாடி நின்னாலும் சிஸ்டம் பைத்தான்தான் எடுக்கும். என்ஷ்யூர்பிப் இல்லன்னு திட்டினா பைத்தான்3-வென்வ்னு ஒரு apt பேக்கேஜ் இருக்கு, அதைப் போட்டுட்டு திரும்ப ஓட்டுங்க. ஃபோல்டர் உருவானதும் அதுக்குள்ள பைவென்வ்.சிஎஃப்ஜி-னு ஒரு சின்ன ஃபைல் இருக்கும், திறந்து பாருங்க, இன்க்ளூட் சிஸ்டம் சைட் பேக்கேஜஸ் ட்ரூ-ன்னும், வெர்ஷன் 3.10 சொச்சம்னும் இருக்கணும். அதே ஃபோல்டருக்குள்ள கோல்கான்_இக்னோர்-னு ஒரு காலி ஃபைலை டச் கமாண்ட்ல போட்டுடுங்க, பெரிய எழுத்துல, இல்லன்னா கோல்கான் வென்வுக்குள்ள புகுந்து அங்க இருக்கற செட்டப்.பை ஃபைலை எல்லாம் உங்க பேக்கேஜ்னு நினைச்சு பில்ட் பண்ணப் போகும்.

அப்புறம் சோர்ஸ் பண்ற வரிசை. முதல்ல ராஸ் செட்டப்.பேஷ், அடுத்து வென்வ் ஆக்டிவேட், பில்ட் முடிஞ்சதும் இன்ஸ்டால் ஃபோல்டர்ல இருக்கற செட்டப்.பேஷ். ராஸோட பின் ஃபோல்டர்ல பைத்தான்3 கிடையாதுங்கறதால வரிசை மாறினாலும் பெரிய சேதம் இல்ல, இருந்தாலும் ஒரே வரிசையை வெச்சுக்கிட்டா டீபக் பண்ணும்போது சந்தேகம் வராது.

இங்க ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. வென்வ்ல சிஸ்டம் பேக்கேஜை அனுமதிச்சீங்கன்னா கூடவே உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கற .லோக்கல்/லிப்/பைத்தான்3.10/சைட்-பேக்கேஜஸும் உள்ள வந்துடும். முன்னாடி எப்பவோ வென்வ் இல்லாம பிப் இன்ஸ்டால் பண்ண குப்பை எல்லாம் அங்கதான் கிடக்கு. பைத்தான் தேடற வரிசை என்னன்னா, முதல்ல பைத்தான்பாத் (ராஸ் இங்க இருக்கு), அடுத்து வென்வோட சொந்த சைட்-பேக்கேஜஸ், அடுத்து அந்த .லோக்கல், கடைசியாதான் apt-ஓட டிஸ்ட்-பேக்கேஜஸ். அதனால உங்க வென்வ்ல நம்பை போடலன்னா apt-ல இருக்கற 1.21 வரும்னு நீங்க நினைப்பீங்க, ஆனா .லோக்கல்ல இருக்கற ஏதோ ஒரு நம்பை முந்திக்கும், "நான் வென்வ்தான் யூஸ் பண்றேன், அப்புறம் எப்படி"ன்னு ராத்திரி முழுக்க உக்காந்திருப்பீங்க. பைத்தான்நோயூசர்சைட்-னு ஒரு வேரியபிள் இருக்கு, அதை 1-னு எக்ஸ்போர்ட் பண்ணா .லோக்கல் கணக்குலயே வராது. வென்வோட ஆக்டிவேட் ஸ்கிரிப்ட் கடைசியில அந்த ஒரு வரியைச் சேர்த்துடுங்க, நான் எந்த வொர்க்ஸ்பேஸா இருந்தாலும் இதைச் செஞ்சுட்டுதான் அடுத்த வேலை பார்ப்பேன்.

இப்ப அல்ட்ராலிட்டிக்ஸ் போடற கட்டம். நேரா பிப் இன்ஸ்டால்னு கொடுத்தா அது டார்ச் (ஏஐ மாடல் ஓட்டற லைப்ரரி), ஓப்பன்சிவி (படங்களைக் கையாளற லைப்ரரி), நம்பை எல்லாத்தையும் இழுத்துட்டு வரும். இதுல கவனிக்க வேண்டியது நம்பை. 2024 ஜூன்ல நம்பை 2.0 வந்துச்சு, அதுல பைனரி லெவல்லயே மாற்றம், 1-ஐ வெச்சு கம்பைல் பண்ண எக்ஸ்டென்ஷன் 2-ல ஓடாது. ஹம்பிள்ல இருக்கற சிவி பிரிட்ஜ், அதாவது ராஸ் இமேஜ் மெசேஜை ஓப்பன்சிவி அரேவா மாத்தித் தர்ற பேக்கேஜ், அது நம்பை 1-ஐ வெச்சு கம்பைல் ஆனது. வென்வ்ல நம்பை 2 உக்காந்துட்டா "நம்பை 1-ல கம்பைல் ஆன மாட்யூல் 2-ல ஓடாது"ன்னு ஒரு நீளமான எச்சரிக்கை வரும், அதோட _அரே_ஏபிஐ கிடைக்கலன்னும் வரும், சில சமயம் நோட் சத்தமே இல்லாம செத்துப் போகும். அதனால இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ்.டெக்ஸ்ட்னு ஒரு ஃபைல் போட்டு அதுல ரெண்டு வரி எழுதுங்க: நம்பை 2-க்கு கீழ, செட்டப்டூல்ஸ் 80-க்கு கீழ. ரெண்டுக்கும் லெஸ்தன் குறி. அப்புறம் எதை இன்ஸ்டால் பண்ணாலும் பிப்-க்கு -சி ஆப்ஷன்ல இந்த ஃபைலைக் கொடுங்க. ஓப்பன்சிவியோட புது வெர்ஷன் நம்பை 2 கேட்டாலும் பரவாயில்ல, பிப் தானா ஒத்துப்போற பழைய வெர்ஷனைத் தேடி எடுத்துக்கும். செட்டப்டூல்ஸ் ஏன்னா, புது வெர்ஷன்கள்ல கோல்கான் நம்பியிருந்த பழைய ஆப்ஷன்களை எடுத்துட்டாங்க, சிம்லிங்க்-இன்ஸ்டால் (ஃபைலை காப்பி பண்ணாம லிங்க் மட்டும் போடற ஆப்ஷன்) கொடுத்து பில்ட் பண்ணா எடிட்டபிள்-னு ஆப்ஷனே தெரியாதுன்னு எரர் வரும்.

உங்க லேப்டாப்ல என்விடியா கார்டு இல்லன்னு சொல்லியிருக்கீங்க, அப்ப டார்ச்சை தனியா முதல்லயே போட்டுடுங்க, பைடார்ச் சைட்ல சிபியு-க்குன்னு ஒரு இண்டெக்ஸ் யூஆர்எல் தர்றாங்க, அதை --இண்டெக்ஸ்-யூஆர்எல்ல கொடுங்க. இல்லன்னா லினக்ஸ்ல டீஃபால்ட்டா கூடா (என்விடியா கார்டுக்கான) லைப்ரரியோட ஜிபி கணக்குல இறங்கும், ஹாஸ்டல்ல மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருக்கறவங்களுக்கு அன்னைக்கு டேட்டா அத்தோட காலி. ஓப்பன்சிவில ஹெட்லெஸ்-னு ஒரு வெர்ஷன் இருக்கு, விண்டோ திறக்கற வசதி இல்லாதது. சாதா ஓப்பன்சிவி வீல் (பிப் இறக்கற ரெடிமேட் பேக்கேஜ் ஃபைல்) தன்னோட க்யூடி-யையும் (விண்டோ வரையற லைப்ரரி) தூக்கிட்டு வரும், அது ராஸோட காட்சி டூல்களான ஆர்விஸ், ஆர்க்யூடி எல்லாம் யூஸ் பண்ற சிஸ்டம் க்யூடியோட மோதி எக்ஸ்சிபி ப்ளகின் லோட் ஆகலன்னு வரும். ரோபோல எப்படியும் படத்தை டாபிக்ல (நோட்கள் மெசேஜ் அனுப்பற சேனல்) பப்ளிஷ் பண்ணி ஆர்விஸ்ல பார்க்கப் போறீங்க, அதனால சாதாவை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ஹெட்லெஸ் போட்டுக்கறது என் சிபாரிசு.

இனி உங்க முதல் எரர், அதாவது ப்ராம்ப்ட்ல இம்போர்ட் ஆகுது, ராஸ்2 ரன்ல ஆகல. இதுதான் எல்லாரும் வென்வே ராஸுக்கு ஒத்து வராதுன்னு முடிவு கட்டற இடம். நடக்கறது என்னன்னா, நீங்க கோல்கான் பில்ட் கொடுக்கும்போது செட்டப்.பை-ல இருக்கற கன்சோல்_ஸ்கிரிப்ட்ஸ் என்ட்ரியைப் பார்த்து இன்ஸ்டால்/பேக்கேஜ்பேர்/லிப்/பேக்கேஜ்பேர் ஃபோல்டருக்குள்ள ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உருவாகும். ராஸ்2 ரன் அந்த ஸ்கிரிப்டைத்தான் ஓட்டுது. அந்த ஸ்கிரிப்டோட முதல் வரி, ஷெபாங், எந்த பைத்தான்ல ஓடணும்னு சொல்லும். அந்த வரியில யார் பேரு எழுதப்படும்னா கோல்கானை எந்த பைத்தான் ஓட்டுச்சோ அது பேரு. apt-ல வந்த கோல்கானோட சொந்த ஷெபாங் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3. நீங்க வென்வை ஆக்டிவேட் பண்ணியிருந்தாலும் அதை அது கண்டுக்காது. அதனால உங்க நோட் ஸ்கிரிப்ட்லயும் சிஸ்டம் பைத்தான் பேரே எழுதப்படும், சிஸ்டம் பைத்தானுக்கு உங்க வென்வ்ல இருக்கற அல்ட்ராலிட்டிக்ஸ் தெரியாது. டெர்மினல்ல ப்ராம்ப்டுக்கு முன்னாடி வென்வ்னு அடைப்புக்குறியில பேர் தெரியறதுக்கும் நோட் எந்த பைத்தான்ல ஓடுதுங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல.

நம்பலன்னா ஹெட் -1 கமாண்ட்ல அந்த ஸ்கிரிப்டோட முதல் வரியைப் பாருங்க, /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3-னு இருக்கும். எத்தனை தடவை பிப் இன்ஸ்டால் பண்ணாலும் அந்த வரி மாறாத வரைக்கும் எரர் போகாது.

சரி பண்ற வழி ரொம்ப சின்னது. வென்வ் ஆக்டிவேட் ஆன டெர்மினல்ல கோல்கான் பில்ட்னு அடிக்கறதுக்கு பதிலா பைத்தான்3 /யூஎஸ்ஆர்/பின்/கோல்கான் பில்ட் --சிம்லிங்க்-இன்ஸ்டால்னு அடிங்க. கோல்கான் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான், அதை வென்வ் பைத்தான் வெச்சு நாமே ஓட்டறோம், சிஸ்டம் பேக்கேஜ் எல்லாம் வென்வுக்குத் தெரியறதால கோல்கானோட மாட்யூலும் கிடைக்கும், உருவாகற ஸ்கிரிப்ட்ல வென்வ் பைத்தானோட முழு பாத் வந்துடும். இதுக்கு முன்னாடி பழைய பில்ட், இன்ஸ்டால், லாக் மூணு ஃபோல்டரையும் அழிச்சுட்டு ஆரம்பிங்க, பழைய சிமேக் கேஷ்ல பழைய பைத்தான் பாத் ஒளிஞ்சிருக்கும். பில்ட் முடிஞ்சதும் திரும்ப ஹெட் -1 போட்டு முதல் வரி மாறியிருக்கான்னு கண்ணால பாருங்க. தினமும் நீளமா அடிக்க கஷ்டமா இருந்தா ஒரு ஏலியாஸ் வெச்சுக்கோங்க.

இன்னொரு வழியும் சொல்வாங்க, செட்டப்.சிஎஃப்ஜி-ல பில்ட்_ஸ்கிரிப்ட்ஸ்னு ஒரு செக்‌ஷன் போட்டு எக்ஸிக்யூட்டபிள்னு /யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3 எழுதறது. இது சாதாரண இன்ஸ்டால்ல நல்லா வேலை செய்யும், நோட் ஓடும்போது எந்த வென்வ் ஆக்டிவேட்டா இருக்கோ அதை எடுத்துக்கும், டீம்ல ஆளுக்கு ஒரு பாத் இருந்தாலும் பிரச்சனை இல்ல. ஆனா சிம்லிங்க்-இன்ஸ்டால் போடும்போது ஸ்கிரிப்ட் எழுதற வழியே வேற, அங்க இந்த செட்டிங்கை நம்பி இருக்காதீங்க, முதல் வரியைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. லான்ச் ஃபைல்ல (பல நோடை ஒண்ணா ஸ்டார்ட் பண்ற ஃபைல்) இருந்து ஓட்டறவங்களுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு, நோட் ஆக்‌ஷன்ல ப்ரீஃபிக்ஸ்-னு ஒரு ஆர்கியூமென்ட், அதுல வென்வ் பைத்தானோட முழு பாத்தைக் கொடுத்தா ஷெபாங் என்னவா இருந்தாலும் அந்த பைத்தான்லதான் ஓடும்.

இந்த மூணாவது வழி எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா ராஸோட அமைப்பே இதுக்குத்தான் வசதியா இருக்கு. ஒவ்வொரு நோடும் தனி ப்ராசஸ், ஒருத்தரோட ஒருத்தர் டிடிஎஸ்-ங்கற மெசேஜ் அனுப்பற அமைப்பு வழியாத்தான் பேசிக்கறாங்க. யோலோ நோடுக்கு ஒரு வென்வ், வாய்ஸ் நோடுக்கு வேற வென்வ், ரெண்டுலயும் வேற வேற டார்ச் வெர்ஷன், மோட்டார் நோட் வென்வே இல்லாம சிஸ்டம் பைத்தான்ல, இப்படி ஒரே லான்ச் ஃபைல்ல எல்லாத்தையும் ஓட்டலாம். ரெண்டு லைப்ரரி ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலன்னு மண்டையை உடைச்சுக்கறதை விட்டுட்டு நோடை ரெண்டாப் பிரிங்க. மெயின் பைத்தான் வெர்ஷன் மட்டும் எல்லாத்துலயும் 3.10-ஆ இருக்கணும். ஏதோ ஒரு லைப்ரரி 3.11 இல்லாம ஓடவே ஓடாதுன்னா அதை டாக்கர் கன்டெய்னர்ல வெச்சு சாக்கெட் வழியா பேசுங்க.

எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு சின்ன டெஸ்ட். நோடோட மெயின் ஃபங்ஷன்ல முதல் வேலையா சிஸ்.எக்ஸிக்யூட்டபிள், ஆர்சிஎல்பை.__ஃபைல்__, நம்பை.__ஃபைல்__, நம்பை.__வெர்ஷன்__ நாலையும் லாக்கர்ல பிரிண்ட் பண்ணுங்க. முதல்ல வென்வ் பாத் வரணும், ரெண்டாவது /ஆப்ட்/ராஸ்-ல இருக்கணும், மூணாவது வென்வ்ல இருந்தோ /யூஎஸ்ஆர்/லிப்-ல இருந்தோ வரலாம் ஆனா .லோக்கல்ல இருந்து வரக்கூடாது, நாலாவது 1-ல ஆரம்பிக்கணும். ப்ராம்ப்ட்ல டெஸ்ட் பண்றதுல பிரயோஜனம் இல்ல, நோட் ஓடற வழியிலயேதான் டெஸ்ட் பண்ணணும்.

அடுத்த வருஷம் 24.04-க்கு மாறினா ரெண்டு வித்தியாசம் வரும். அங்க வென்வ் இல்லாம பிப் இன்ஸ்டால் கொடுத்தாலே எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு மறுத்துடும். ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷன் கொடுத்தா விட்டுடும்னு எல்லா இடத்துலயும் எழுதியிருப்பாங்க, கொடுக்காதீங்க, அந்தப் பேர்ல சொல்றது அப்படியே நடக்கும். இன்னொண்ணு, 3.12-ல இருந்து புது வென்வ்ல செட்டப்டூல்ஸ் தானா வராது, சிஸ்டம் பேக்கேஜ் அனுமதிச்சிருக்கறதால apt-ஓடது கிடைக்கும், அதனால நம்ம வழிக்கு இடைஞ்சல் இல்ல. யூவி-ங்கற டூலை இப்ப நிறைய பேர் யூஸ் பண்றாங்க, நிஜமாவே வேகம், யூவி வென்வ்-லயும் சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ் ஆப்ஷன் இருக்கு, ஆனா கூடவே --பைத்தான் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3-னு கட்டாயம் கொடுங்க, இல்லன்னா அது தானா வேற ஒரு பைத்தானை டவுன்லோட் பண்ணி வெச்சுக்க வாய்ப்பு இருக்கு, அப்புறம் அந்தக் கான்டா கதைதான்.

மோட்டார் போர்டோட பேசறதுக்கு சீரியல் லைப்ரரி கேட்டிருந்தீங்க. இம்போர்ட் பண்றது சீரியல்னு இருந்தாலும் பிப்-ல போட வேண்டியது பைசீரியல். சீரியல்னு ஒரு வேற பேக்கேஜ் இருக்கு, அதைப் போட்டா சீரியல் க்ளாஸே இல்லன்னு வரும். போர்ட் திறக்க பர்மிஷன் இல்லன்னு வந்தா சுடோ போட்டு ஓட்டாதீங்க, சுடோ போட்டதும் உங்க பாத், பைத்தான்பாத், வென்வ் எல்லாம் காணாமப் போகும், சிஸ்டம் பைத்தான் ரூட்டா ஓடும், ராஸே தெரியாது. உங்க யூசரை டயல்அவுட் குரூப்ல சேர்த்துட்டு லாகவுட் பண்ணி திரும்ப லாகின் பண்ணுங்க. சிஎச்340 சிப் இருக்கற போர்டை சொருகினதும் டிடிஒய்யூஎஸ்பி0 வந்துட்டு உடனே மறைஞ்சா அது பைத்தான் பிரச்சனையே இல்ல, 22.04-ல பிஆர்எல்டிடிஒய்-னு பிரெய்ல் டிஸ்ப்ளேக்கான ஒரு சர்வீஸ் அந்த சிப்பைத் தன்னோடதுன்னு நினைச்சு எடுத்துக்கும். பிரெய்ல் டிஸ்ப்ளே யாரும் யூஸ் பண்ணாத மெஷின்னா அதை ரிமூவ் பண்ணிடலாம்.

கடைசியா ரோபோ மேல இருக்கற கம்ப்யூட்டருக்கு மாத்தறது. லேப்டாப்ல இருக்கற வென்வ் ஃபோல்டரை பென்டிரைவ்ல காப்பி பண்ணி ராஸ்பெரி பை-ல போட்டா ஓடாது. உள்ள இருக்கற ஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் முழு பாத் எழுதியிருக்கு, அதை விட முக்கியம் லேப்டாப் எக்ஸ்86, பை ஆர்ம், கம்பைல் ஆன ஃபைல் எதுவும் சேராது. அங்க போய் புதுசா வென்வ் போட்டு ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல இருந்து இன்ஸ்டால் பண்ணணும். அந்த ஃபைலை எடுக்கும்போது பிப் ஃப்ரீஸ் --லோக்கல்னு கொடுங்க, லோக்கல் இல்லாம எடுத்தா apt-ல இருக்கற சிஸ்டம் பேக்கேஜ் எல்லாம் லிஸ்ட்ல வந்து சேரும், அதுல பாதி பிப்-ல கிடைக்கவே கிடைக்காது. ஜெட்சன்ல (என்விடியாவோட சின்ன ஏஐ கம்ப்யூட்டர்) போடறதா இருந்தா டார்ச்சை அந்த லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு, உங்க ஜெட்பேக் (ஜெட்சனோட சிஸ்டம் சாஃப்ட்வேர்) வெர்ஷனுக்குன்னு என்விடியா தர்ற வீலையே போடுங்க, சும்மா பிப்-ல வர்றது ஜிபியு-வைத் தொடாம சிபியு-லயே ஓடிட்டிருக்கலாம், டார்ச்.கூடா.இஸ்_அவைலபிள் ட்ரூ-ன்னு வருதான்னு பார்த்துட்டு நகருங்க. ஜெட்பேக் 6 உபுண்டு 22.04 மேலதான் இருக்கு, அதனால ஹம்பிளும் 3.10-ம் அப்படியே பொருந்தும்.

ரோபோ ஆன் ஆனதும் நோட் தானா ஓடணும்னா சிஸ்டம்டி (உபுண்டு ஸ்டார்ட் ஆகும்போது ப்ரோக்ராம்களை ஓட்டற அமைப்பு) சர்வீஸ் எழுதணும். அது பேஷ்ஆர்சி-யைப் படிக்காது, அதனால எக்ஸெக்ஸ்டார்ட்ல /பின்/பேஷ் -சி கொடுத்து, அதுக்குள்ள ராஸ் செட்டப்.பேஷ், வொர்க்ஸ்பேஸ் செட்டப்.பேஷ் ரெண்டையும் சோர்ஸ் பண்ணிட்டு எக்ஸெக் ராஸ்2 லான்ச்னு எழுதுங்க. வென்வ் ஆக்டிவேட் அங்க தேவையில்ல, ஷெபாங்லயே வென்வ் பாத் இருக்கு. ஆனா ஆக்டிவேட் ஓடலன்னா நாம அதுல எழுதின பைத்தான்நோயூசர்சைட் வரியும் ஓடாது, அதை சர்வீஸ் ஃபைல்ல என்விரான்மென்ட் வரியா தனியா சேர்த்துடுங்க. யூசர் வரியில உங்க யூசர் பேரைப் போடுங்க, டயல்அவுட் குரூப்ல அந்த யூசர்தான் இருக்கணும்.

இவ்வளவும் பண்ணிட்டும் எரர் வந்தா, எரரோட கடைசி வரியை மட்டும் அனுப்பாதீங்க, அந்த நாலு பிரிண்டோட அவுட்புட், நோட் ஸ்கிரிப்டோட முதல் வரி, எக்கோ போட்டு பைத்தான்பாத்ல என்ன வருதுங்கறது, இந்த மூணையும் சேர்த்து அனுப்புங்க, எங்க தப்புன்னு பார்த்துச் சொல்றேன்.